நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு: திருநெல்வேலிச் சீமையிலிருந்து முதன்முறை கப்பலேறுவோருக்கு

யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் போக விரும்பும் திருநெல்வேலிக்காரர் முதலில் தரைவழியாக ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடகிழக்கே போக வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூத்துக்குடியில் கடலும் துறைமுகமும் இருக்கும்போது நாகப்பட்டினம் எதற்கு என்று என் பெரியம்மா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அவருடைய தகப்பனார், அதாவது என் தாத்தா, கொழும்பில் கடை வைத்திருந்தவர். அவர் போனதும் வந்ததும் தூத்துக்குடிக் கப்பலில்தான். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டதும் இந்தத் தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில்தான்.

ஆனால் 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மறுபடி தொடங்கிய பயணியர் கப்பல் அந்த ஆண்டு நவம்பரிலேயே நின்றுபோயிற்று. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914 முதல் ஓடிய கப்பல், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தபின் அந்தத் துறையை இழந்தது. இப்போது நமக்கு இருப்பது நாகப்பட்டினத்திலிருந்து, யாழ்ப்பாணத்துக்கு வடக்கே உள்ள காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குப் போகும் தடம். அது 2023 அக்டோபர் 14ஆம் தேதி தொடங்கி, சில நாள்களில் நின்று, 2024 ஆகஸ்ட் 16ஆம் தேதி 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் நிறுத்தப்பட்டு 2025 பிப்ரவரியில் திரும்பவும் ஓடியது. இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம், இந்தக் கப்பலைப் பேருந்தைப் போல நினைத்துக் கிளம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்பதே. காற்று அனுமதித்தால்தான் அது ஓடும். ஆகவே இக்கட்டுரையில் நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு யோசனைதான் இருக்கிறது: போகும்போது ஒரு நாளையும் வரும்போது ஒரு நாளையும் கையிருப்பாக வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திட்டமிடுங்கள்.

இக்கட்டுரை இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்போருக்காக எழுதப்பட்டது. நம் மாவட்டத்து முகாம்களில் வாழும் ஈழத்தமிழர்கள் தாயகம் போவதற்கான நடைமுறை வேறு. அவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஆட்சியர் அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி பற்றிக் கேட்டுத் தெளிந்துகொள்வது கட்டாயம்.

கப்பல் உங்களுக்கு ஏற்றதா?

கொழும்புக்குப் போக வேண்டியவர் இந்தக் கப்பலை எண்ணிப் பார்க்கவே தேவையில்லை. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கிறது. பறக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீட்டர், ரயிலில் ஏறினால் பகல் முழுவதும் போய்விடும். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா என்று வடபகுதிக்குப் போகிறவர்களுக்கே நாகைக் கப்பல் பொருந்தும். அவர்களுக்கும் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு விமானம் உண்டு என்பதால், இரண்டு கட்டணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

குறித்த முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர வேண்டிய கல்யாணத்துக்கோ, துக்க வீட்டுக்கோ கப்பலை நம்பிக் கிளம்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாஞ்சோலைக்கோ கொடைக்கானலுக்கோ பேருந்தில் ஏறும்போதே வாந்தி எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், இதயநோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டபின்பே முடிவு செய்ய வேண்டும். மற்றபடி, விமானத்தில் ஏற அஞ்சும் வயதானவர்களுக்கும் கடலைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டு போக ஆசைப்படுபவர்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. என் பெரியம்மா 71 வயதில் போய் வந்தார்.

பாஸ்போர்ட்டும் பெயரும்

முதல் வேலை பாஸ்போர்ட். திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, நேரம் பெற்று, மூலச் சான்றிதழ்களோடு போக வேண்டும். அதன்பின் காவல்துறைச் சரிபார்ப்பு நடக்கும். பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் 10 ஆண்டு செல்லும், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டுதான். பெரியவர்களின் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுடையது காலாவதியானதைக் கவனிக்காமல் விடும் குடும்பங்கள் உண்டு. பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது எல்லோருடைய பாஸ்போர்ட்டும் செல்லுபடியாக வேண்டும்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது பெயரில்தான். நம் ஊரில் பெயருக்கு முன்னால் தகப்பனாரின் முதலெழுத்தை மட்டும் எழுதும் வழக்கம் இருக்கிறது. ஆதார் அட்டையில் அந்த எழுத்து பெயருக்குப் பின்னால் போயிருக்கும். பாஸ்போர்ட்டில் அதே எழுத்து தகப்பனாரின் முழுப்பெயராக விரிந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் முதலெழுத்து இருக்கும். ஒருவரே மூன்று பெண்மணிகளாக நிற்பார். டிக்கெட்டிலும் பயண அனுமதியிலும் எழுத வேண்டியது பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் பெயரை மட்டுமே, அதே எழுத்துக்கூட்டலில், அதே வரிசையில். டிக்கெட் எடுத்துத் தருபவரிடம் பெயரை வாயால் சொல்லாமல் பாஸ்போர்ட்டின் பக்கத்தைப் படமெடுத்துக் கொடுங்கள். பெரியம்மாவின் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தவர் ஆதாரைப் பார்த்து எழுதிவிட்டதால், அதைத் திருத்தி வாங்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே கவனித்ததால் பிழைத்தோம்.

இலங்கைக்குள் நுழைய இணையவழிப் பயண அனுமதி தேவை, அதை இ.டி.ஏ. என்று சொல்கிறார்கள். இந்தியருக்கு இது இலவசமா, கட்டணம் உண்டா என்பது அந்நாட்டு அரசின் அறிவிப்புக்கேற்ப அவ்வப்போது மாறியிருக்கிறது. எனவே பயண மாதத்தில் அரசின் தளத்தையே பார்க்க வேண்டும். இலங்கை அரசின் தளமென்றால் அதன் முகவரி 'கவ் டாட் எல்.கே.' என்று முடியும். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் கறக்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும் என்பதால் இந்த முடிவைப் பார்த்தபிறகே அட்டை எண்ணைக் கொடுங்கள். வந்து சேர்ந்த அனுமதிக் கடிதத்தை அச்செடுத்து வையுங்கள். வெறும் கைப்பேசிப் படத்தை நம்பி, துறைமுகத்தில் சார்ஜ் தீர்ந்து தவிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாள் பார்ப்பது

இங்கே நாள் பார்ப்பது பஞ்சாங்கத்தில் அல்ல, காற்றில். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். 18ஆம் நூற்றாண்டில் சென்னை ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயரைத் தாங்கியது. ஆழமில்லாத தண்ணீரில் காற்று சற்றே வலுத்தாலும் குறுகிய, நெருக்கமான அலைகள் எழும்பும். பெருங்கடலின் நீண்ட அலையில் கப்பல் தொட்டில்போல் ஏறி இறங்கும், இங்கேயோ அது குலுங்கும். நாகை அந்த நீரிணையின் வடக்கு முகப்பில் இருப்பதால் வங்கக் கடலின் வீச்சும் சேர்ந்துகொள்கிறது.

மணப்பாடு, உவரிக் கடற்கரைக்காரர்களைக் கேட்டால் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைத் திசைவாரியாகப் பெயர் சொல்லிப் பிரிப்பார்கள். அந்த அறிவு இங்கேயும் உதவும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் இந்தக் கரையைத் தாக்கும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரை கடந்தது. அந்த மாதங்களில் கப்பல் நிறுத்தப்படுவது இயல்பு, ஆகவே திட்டமே போட வேண்டாம். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று. கப்பல் ஓடினாலும் ஆட்டம் இருக்கும். தை பிற்பகுதியிலிருந்து சித்திரை வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் என்பதால் முதல்முறை போகிறவர்கள் மாசி, பங்குனியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நாங்கள் முதல்முறை கிளம்பியது ஐப்பசியில். பள்ளி விடுமுறை அப்போதுதான் இருந்தது என்பது மட்டுமே காரணம். நாகையில் விடுதியில் தங்கியிருந்த மாலையில், மறுநாள் கப்பல் இல்லை என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அடுத்த நாளும் இல்லை. இரண்டு இரவு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் திரும்பினோம். தவறு எங்களுடையது, பருவத்தை மதிக்காமல் கிளம்பியவர்கள் நாங்கள். மறுமுறை மாசியில் போனபோது கடல் கண்ணாடியாக இருந்தது.

காற்றைத் தவிர இரண்டு திருவிழாக்களையும் கணக்கில் எடுங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அப்போது நம் தென்மாவட்டங்களிலிருந்து நாகைப் பக்கம் போகும் பேருந்துகளும் ரயில்களும் நிறைந்து வழியும், விடுதியில் இடம் கிடைக்காது. அக்கரையில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் ஆடி, ஆவணியில் 25 நாள் நடக்கும்; தரிசனத்துக்காகவே போகிறவர்கள் தங்குமிடத்தை வெகு முன்னதாகவே பேசிவிட வேண்டும்.

டிக்கெட்

கப்பல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே டிக்கெட் எடுக்கலாம். தொடக்கத்தில் 2023இல் ஒருவழிக் கட்டணம் வரியோடு 7670 ரூபாய் என்று இருந்தது. 2024இல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது சாதாரண இருக்கைக்கு ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. இப்போதைய தொகையை எடுக்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா நாளும் கப்பல் ஓடாது என்பதால் கிழமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கப்பல் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு தேதிக்கு மாறுமா, நீங்களாகவே ரத்து செய்தால் என்ன பிடிப்பார்கள் என்ற மூன்று விதிகளையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கப்பல் நிறுத்தம் பற்றிய செய்தி வருவது நீங்கள் கொடுக்கும் எண்ணுக்குத்தான். ஆகவே முகவரின் எண்ணை அல்லாமல் உங்கள் எண்ணையே கொடுக்க வேண்டும்.

எதைக் கட்டலாம், எதை விடலாம்

கப்பலில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற எண்ணம் பழைய தோணிக் காலத்தது. கைப்பைக்கும் பெட்டிக்கும் தனித்தனியே எடை வரம்பு இருக்கிறது, சேவை தொடங்கியதிலிருந்து அது மாறியும் வந்திருக்கிறது. டிக்கெட்டில் குறித்திருக்கும் எடையைப் பார்த்து, வீட்டிலேயே நிறுத்துவிட்டுக் கிளம்புங்கள். தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் நிறுத்துத் தருவார்.

உறவினரைப் பார்க்கப் போகும் நம்மவர் அல்வா இல்லாமல் போவதில்லை. கொண்டுபோகலாம், ஆனால் கட்டும் முறை முக்கியம். பெரியம்மா ஒரு கிலோ அல்வாவைக் கடைக்காரர் கட்டிக் கொடுத்த அட்டைப் பெட்டியோடு ஓலைக்கொட்டானில் வைத்து, அதைக் கைப்பையில் பாஸ்போர்ட் உறைக்குப் பக்கத்தில் செருகியிருந்தார். வெயிலில் நெய் இளகி, அட்டையைத் தாண்டி, ஓலைப் பின்னலின் இடுக்கு வழியாக இறங்கியிருந்தது. நாகைத் துறைமுகத்தில் உறையைத் திறந்தபோது பாஸ்போர்ட்டின் கடைசித் தாள்களின் ஓரத்தில் எட்டணாக் காசு அகலத்துக்கு மஞ்சள் கறை ஊறி, எதிர்ப்பக்கத்து எழுத்து தெரியும்படி தாள் பளபளவென்று இருந்தது. நல்ல வேளையாக அவை வெற்றுத் தாள்கள். புகைப்படப் பக்கமாக இருந்திருந்தால் சேதமான பாஸ்போர்ட் என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். அல்வாவை மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மேலே பாலிதீன் உறை சுற்றி, பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். பாஸ்போர்ட்டுக்குத் தனியே ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள். உடன்குடிக் கருப்பட்டி கெட்டுப்போகாத பொருள்தான். ஆனால் பனை மிகுந்த யாழ்ப்பாணத்தில் பனங்கட்டி என்ற பெயரில் அதுவே கிடைக்கும்.

கொண்டுபோகவே கூடாதவற்றில் நம் சீமைக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது பீடி. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவதால் அது நமக்கு அன்றாடப் பொருளாகத் தோன்றும். கடலுக்கு அந்தப் பக்கமோ பீடி இலை கடத்தல் பொருள். தூத்துக்குடிக் கரையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கடத்தப்படும்போது பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. யாருக்கோ என்று ஒரு கட்டுப் பீடிகூட வைக்காதீர்கள். புகையிலையும் பாக்குப் பொட்டலமும் அப்படியே. விரலி மஞ்சளும் கடத்தலில் பிடிபடும் பொருள்தான் என்பதால் 'சமையலுக்கு இரண்டு கிலோ' என்று எடுத்துப் போக வேண்டாம். நாற்று, விதை, மண் ஒட்டிய கிழங்கு ஆகியவற்றுக்குத் தாவர நோய்த்தடுப்புச் சட்டம் குறுக்கே வரும். அடுத்த வீட்டார் கொடுக்கும் மூடிய பொட்டலத்தை, அவர் எவ்வளவு நெருங்கியவரானாலும், உங்கள் கையால் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

நகை பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கடல் வழியே தங்கக் கடத்தல் நடப்பதால் இரு பக்கத்துச் சுங்க அதிகாரிகளும் நகையை உற்றுப் பார்ப்பார்கள். தாலியும் காதில் கழுத்தில் அன்றாடம் போடுவதும் போதும். அதற்கு மேல் போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், போகும்போதே இந்தியச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது 'இது எங்கள் வீட்டு நகைதான்' என்பதற்கு அந்தத் தாளே சாட்சி.

பணத்தில், இந்திய நோட்டாக ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் வெளியே எடுத்துப் போகலாம். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே திறந்து வையுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்த வழி இருக்கிறது, எனினும் எல்லாக் கடைகளிலும் அதை எதிர்பார்க்க முடியாது. தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைகளைக் கூடுதலாக ஒரு வாரத்துக்கு, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில் வைப்பது அவசியம். கப்பல் நின்றுபோனால் அந்த ஒரு வாரம்தான் உங்களைக் காப்பாற்றும்.

நாகை வரை

தென்காசி, ராஜபாளையம் பக்கத்தவர்களுக்கு எர்ணாகுளம்–வேளாங்கண்ணி விரைவு ரயில் வாரம் இருமுறை இருக்கிறது. செங்கோட்டை, தென்காசி வழியாக வந்து காரைக்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர் கடந்து நாகை போகும். திருநெல்வேலி, பாளையங்கோட்டைக்காரர்கள் வேளாங்கண்ணி போகும் இரவுப் பேருந்தில் ஏறலாம், அல்லது ரயிலில் திருச்சி போய் அங்கிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக மாறிச் செல்லலாம். எப்படிப் போனாலும் கப்பலுக்கு முந்தைய நாள் பகலிலேயே நாகையில் இருங்கள். கப்பல் காலையில் கிளம்புகிறது. அதற்கும் வெகு முன்பே துறைமுகத்துக்கு வரச் சொல்கிறார்கள். இரவுப் பேருந்திலிருந்து இறங்கி நேரே கப்பலுக்குப் போவதென்பது வழியில் ஒரு டயர் பஞ்சரானாலே குலைந்துவிடும் திட்டம். இரவெல்லாம் தூங்காத உடம்பு கடலில் முதலில் குமட்டும் என்பதும் அனுபவத்தில் கண்டது.

கப்பலில்

துறைமுகத்தில் வரிசை இதுதான்: பெட்டியை நிறுத்துக் கொடுப்பது, குடியேற்றப் பிரிவில் பாஸ்போர்ட் முத்திரை, சுங்கச் சோதனை, பிறகு ஏறுவது. துறைமுகத்துக்குள் படம் எடுக்காதீர்கள். இரு கரையிலும் அது பாதுகாப்புக்கு உட்பட்ட இடம்.

தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரத்தை ஒட்டி ஆகும். காலையில் இரண்டு இட்லி, சட்னியோ பொடியோ தொட்டுச் சாப்பிடுவது போதும். வெறும் வயிறும் ஆகாது. பூரியும் காபியும் அதைவிட ஆகாது. குமட்டலுக்கான மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கியபின் போட்டால் அது வயிற்றில் தங்காது. மாத்திரை தூக்கம் வரவழைக்கும் என்பதால் பிள்ளைகளைக் கவனிக்க ஒருவராவது போடாமல் இருப்பது நல்லது. முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும், ஆகவே நடுப்பகுதியில் இடம் பிடியுங்கள். கைப்பேசியைப் பார்க்காமல், சன்னல் வழியே கடலும் வானமும் சேரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் தலை நிலைக்கும். சுக்குத் துண்டை வாயில் அடக்கிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். பெரியம்மா வழி முழுவதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். உள்ளே குளிர்சாதனம் இருப்பதால் வயதானவர்களுக்கு ஒரு சால்வையும் வேண்டும்.

கரை தெரிய ஆரம்பித்ததும் கண்ணில் படுவது 1990 முதல் மூடிக்கிடக்கும் காங்கேசன்துறைச் சிமெண்டு ஆலை. நம் தாழையூத்தைப் போலவே அதுவும் சுண்ணாம்புக்கல் பூமி. காங்கேயன் என்பது முருகன் பெயர். மாவிட்டபுரம் கோயிலுக்கான அவன் திருவுருவம் இந்தத் துறையில் வந்து இறங்கியதால் காங்கேசன்துறை ஆயிற்று என்பது அங்குள்ள ஐதீகம்.

அக்கரையில் முதல் இரண்டு மணி நேரம்

கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், இரு நாட்டுக்கும் ஒரே நேரம். இறங்கியதும் குடிவரவுப் பகுதியில் தங்குமிட முகவரி கேட்பார்கள். அதை முழுமையாக, தொலைபேசி எண்ணோடு, ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. யாழ்ப்பாண நகரத்தை ஒட்டி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயரும் திருநெல்வேலிதான். பேச்சில் அதைத் தின்னவேலி என்பார்கள். என் சித்தி வாழ்க்கைப்பட்டுப் போனது அந்த ஊருக்கு. எங்கிருந்து வருகிறீர்கள் என்று அதிகாரி கேட்க, "திருநெல்வேலி" என்றார் பெரியம்மா. எங்கே தங்குவீர்கள் என்றதற்கும் "திருநெல்வேலி" என்றார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் முகவரித் தாளை நீட்டிய பிறகே விஷயம் விளங்கியது. அங்கே யாரிடம் பேசினாலும் "இந்தியாவில் இருக்கும் திருநெல்வேலி" என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆட்டோக்காரர் உங்களைப் பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிடுவார்.

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் 20 கிலோமீட்டருக்கும் குறைவு. பேருந்தும் ஆட்டோவும் கிடைக்கும். கொழும்புப் பக்கம் போகும் ரயில்களும் காங்கேசன்துறை நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. ஆட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள், அது இலங்கை ரூபாயா இந்திய ரூபாயா என்பதையும் சேர்த்தே பேசுங்கள். அண்மை ஆண்டுகளில் ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கும் மேல் கிடைத்து வருவதால், இந்த ஒரு சொல் விடுபட்டால் மூன்று மடங்குக்கு மேல் கொடுக்க நேரும். பணத்தை உரிமம் பெற்ற மாற்றுக் கடையிலோ வங்கியிலோ மாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். புதுக் கட்டடங்களில் மின்செருகி மூன்று தட்டை முனை கொண்டது என்பதால் ஒரு மாற்றுச் செருகி கையில் இருக்கட்டும்.

மொழி நமக்குப் பிரச்சினையே இல்லை என்று நினைத்துப் போவோம். பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் சில சொற்கள் காலை வாரும். அங்கே கதைப்பது என்றால் பேசுவது. வெளிக்கிடுவது என்றால் கிளம்புவது. ஓம் என்றால் ஆமாம். உவரிக்காரருக்குக் கச்சான் என்றால் காற்று, யாழ்ப்பாணத்துச் சந்தையில் அது வேர்க்கடலை. இடியப்பத்தோடு சொதி வரும். நம் வீடுகளில் மறுவீட்டு விருந்துக்குப் பருப்பும் காய்கறியும் போட்டுக் கெட்டியாக வைக்கும் சொதியை எதிர்பார்க்காதீர்கள். அங்கே அது தேங்காய்ப்பாலில் இளக்கமாக வைத்து அன்றாடம் ஊற்றிக்கொள்ளும் குழம்பு. எனக்கு இரண்டும் பிடிக்கும்.

திரும்பும்போது

காங்கேசன்துறையிலிருந்து கப்பல் பிற்பகலில் கிளம்பி மாலையில் நாகை சேர்கிறது. கடல் அமைதியாக இருந்தாலும் முத்திரையும் சுங்கமும் முடிந்து வெளியே வர இருட்டிவிடும். ஆகவே அன்றிரவு பேருந்துக்கோ ரயிலுக்கோ முன்பதிவு செய்யாதீர்கள். பயண அனுமதியில் குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே திரும்பும் தேதியை வையுங்கள். கடைசி நாளில் கப்பல் ரத்தானால் அனுமதி கடந்து தங்கிய குற்றம் உங்கள் தலையில் விழும். அப்படி நெருக்கடி வந்துவிட்டால் காத்திராமல் பலாலியிலிருந்து விமானத்தில் வந்துவிடுவதே சரி, அதற்கான தொகையை ஒதுக்கி வையுங்கள்.

சித்தி கொடுத்த, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலும், சிறு ஓலைப்பெட்டிகளில் அடைத்த பனங்கட்டிக் குட்டான்களும் சேர்ந்து எங்கள் பெட்டியின் எடை வரம்பைத் தாண்டிவிட்டது. காங்கேசன்துறையில் பெட்டியைத் திறந்து, பழைய சேலை இரண்டை எடுத்து உடுத்தியிருந்ததன் மேலேயே சுற்றிக்கொண்டார் பெரியம்மா. குட்டான் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. அந்த இரவு நாகையில் தங்கி, மறுநாள் காலைப் பேருந்தில் ஊருக்கு வந்தோம்.